கழட்டு, கழுவித் தாரேன்

ராமநாதபுரம் ஜில்லாவில் பூந்திக்கொட்டை அக்காவிடம் கழற்றிக் கொடுக்காத கழுத்து ஒன்றுகூட இருக்காது. ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்த்து, “நல்லாருக்கியா?” என்று கேட்பார்கள். அக்கா கழுத்தைப் பார்த்துக் கேட்பார். அந்தக் கேள்வி நமக்கல்ல, நம் சங்கிலிக்கு என்பது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நகைத் தொழிலுக்கும் அக்காவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அழுக்கு நகையைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான். கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில் இருக்கும். கூடவே குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ், பழைய வேட்டித் துணி, ஒரு டீ வடிகட்டி. வடிகட்டி எதற்கென்றால், கழுவும்போது கல் கழன்று விழுந்தால் சாக்கடையோடு போய்விடக் கூடாதாம்.

ஒருமுறை ராமேஸ்வரம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் முதுகைத் தட்டி, “ஏத்தா, அந்தச் சங்கிலியக் கழட்டு” என்றார். அந்தப் பெண் போட்ட கூச்சலில் பஸ் மண்டபம் ஊருக்கு முன்பே ஓரங்கட்டி நின்றது. போலீஸைக் கூப்பிடலாம் என்று பாதி பஸ் சொன்னது, முதலில் நாலு போடலாம் என்று மீதி பஸ் சொன்னது. அக்கா அசரவில்லை. கண்டக்டரிடம் பிரஷையும் வடிகட்டியையும் காட்டி, உப்புக்காற்றும் வியர்வையும் பவுடரும் சேர்ந்தால் தங்கம் என்ன கதிக்கு ஆளாகும் என்று விளக்க ஆரம்பித்தார். பஸ் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது அந்தப் பெண்ணின் சங்கிலி பளபளவென்று இருந்தது. பின்சீட்டுப் பெண்கள் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் மோதிரம் கழலாமல் விரலில் எச்சில் தடவிக்கொண்டிருந்தார்.

பற்பசையால் மோதிரம் தேய்த்த புதுப்பெண் ஒருத்தியிடம் அக்கா ஒரு மாதம் பேசவில்லை. கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில், முத்துமாலை போட்டிருந்த மணப்பெண்ணை நோக்கி அத்தர் பாட்டிலோடு வந்த அவள் உடன்பிறந்த ராத்தாவைக் குறுக்கே நின்று மறித்துவிட்டார். வாசனையெல்லாம் பூசி முடித்த பிறகுதான் முத்து கழுத்துக்கு வரவேண்டும், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியதும் முத்துதான் என்று அங்கேயே ஒரு பிரசங்கம். சோறு ஆறிப்போனது. முத்து பிழைத்தது.

இப்படிப்பட்டவர் இருக்கும் தெருவில்தான், அங்கே வாக்கப்பட்டு வந்த செல்வியின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அக்காவின் பிரஷை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர்தான் முக்கியம். தட்டில் வரும் நகையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்க்காத பெண்கள் கிடையாது. அந்த நகை பிள்ளை கழுத்துக்குப் போகுமுன் சபையில் வைத்துக் கழுவப்பட வேண்டும் என்பது எங்கள் தெருவில் அக்கா போட்ட சட்டம். கடையில் எத்தனை பேர் கை பட்டதோ, பச்சைப் பிள்ளைக்கு அப்படியே போடலாமா என்பது அவர் வாதம்.

செல்வியின் அண்ணன் தொண்டியில் மீன்பிடிக்கிறவர். அப்போது தடைக்காலம், படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. மாமன் என்னத்தைக் கொண்டுவந்து கிழிக்கப் போகிறான் என்று செல்வியின் மாமியார் காலையிலிருந்தே வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் ஒரு சங்கிலி கொண்டுவந்தார். அக்கா அதைக் கிண்ணத்தில் முக்கி, கொக்கிப் பக்கம் பிரஷை வைத்து ஒரு தேய் தேய்த்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது: தேய்த்த இடத்தில் சிவப்பாகச் செம்பு. கவரிங்.

பந்தக்காலோடு ஒட்டி நின்ற அண்ணனைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இன்னும் நாலு தேய் தேய்த்தால் சபையில் அது பல்லிளித்துவிடும். அதற்குப் பிறகு செல்வி அந்த வீட்டில் தலைநிமிர்ந்து ஒரு வாய்ச் சோறு தின்ன முடியாது. அக்காவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம்.

“என்ன நிறுத்திட்ட? நல்லாத் தேயி” என்றார் மாமியார்.

அக்கா சங்கிலியைத் துணியில் ஒற்றி எடுத்தார். கொக்கி அவர் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

“இதுல தேய்க்க என்ன இருக்கு மதினி? மாமங்காரரு கழுவித் தொடச்சுல்ல கொண்டாந்திருக்காக. இங்கன இருக்கதுலயே இது ஒண்ணுதான் சுத்தமான நகை. ஒங்க கழுத்துல கெடக்கதக் கழட்டுங்க, அதுலதான் ஒரு மரக்கா மண்ணு இருக்கு.”

சபை சிரித்தது. மாமியார் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா தன் கையாலேயே சங்கிலியைப் பிள்ளை கழுத்தில் மாட்டி, கொக்கியைப் பின்பக்கம் தள்ளி, மேலே பூமாலையையும் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நான் வாயைத் திறந்தேன். “சும்மா வா” என்றார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய், கொஞ்ச நாள் கழித்து அந்த அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்காவின் கையில் காதுகுத்துக்குப் போட்டதைப் போலவே ஒரு புதுத் தங்கச் சங்கிலியை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எந்தக் கடையிலய்யா வாங்குன? எம்புட்டு அழுக்கு பாரு” என்று திட்டிக்கொண்டே பிரஷைத் தேடினார்.

கழுவித் தருகிறேன் என்று அக்கா செல்வியிடமிருந்து வாங்கிப் போன சங்கிலி மறுநாள் திரும்பிப் போனது. அக்கா கை பட்டால் நகைக்குக் கனம்கூட ஏறுகிறது என்று செல்வி இன்றுவரை தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா இப்போது பரமக்குடியில் மகளோடு இருக்கிறார். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்குவார். அதனால் சித்திரையிலிருந்தே நான் என் சங்கிலியைக் கழுவுவதில்லை. நன்றாக அழுக்கேறட்டும். அவர் திட்டித் திட்டித் தேய்க்க நேரமாகும். அவ்வளவு நேரமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.