நாரை போட்ட விருப்பப் பட்டியல்

ஒரு காட்டில் எனக்குத் துரோகம் செய்தது நல்லசிவம் என்ற நாரை. பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தூங்கிப்போகிறவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் முள்ளம்பன்றி. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பக்கத்தில் உட்கார யாரும் சம்மதிக்கவில்லை. என் மகள் பூவாத்தாள் அப்படியில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கட்-ஆஃப் இருநூற்றுக்கு நூற்று எண்பத்து நான்கு. மலையடிவாரத்து அரசுக் கல்லூரியில் சிவில் படித்து, பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதைத் தவிர வேறொன்றும் அவள் கேட்டதில்லை.

கல்லூரிச் சேர்க்கைக்கான கவுன்சிலிங் வந்தது. எங்கள் காட்டில் அதற்கு எல்லோரும் நாரையின் கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போவார்கள். நாரை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும். ஒற்றைக் காலில் நிற்கிற ஒருவருக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போட வேண்டும். பூவாத்தாள் அரசுக் கல்லூரியை முதலில் போடச் சொன்னாள். நாரை சிரித்தது. பெரிய இடத்தை மேலே போட்டு அது கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றே வீண், சுலபமாகக் கிடைப்பதை மேலே போட்டால் நிம்மதி என்றது. ஆற்றோரம் முதலை நடத்தும் கல்லூரியை முதல் இடத்தில் போட்டது. அங்கே சிவில் கிடையாது, கம்ப்யூட்டர் மட்டும்தான். அரசுக் கல்லூரி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

"அப்பா, மேல இருந்துதான் பார்த்துட்டு வருவாங்க. எது முதல்ல காலியா இருக்குதோ அதையே குடுத்துருவாங்க. அதுக்குக் கீழ பார்க்கவே மாட்டாங்க. இங்க எழுதியிருக்குது, பாருங்க," என்றாள்.

"மாமா, நானூறு பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேனுங்க. புள்ளை பேச்சைக் கேட்டு நீங்க குழம்பாதீங்க," என்றது நாரை.

நான் குழம்பவில்லை. மகளை வெளியே நிற்கச் சொன்னேன். பட்டியலைப் பூட்டுவதற்கு ஆறு எண்கள் என் போனுக்கு வந்தன. படித்துச் சொன்னது நான்தான். அதை நாரை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறது. எண் படித்தவனெல்லாம் குற்றவாளி என்றால் காட்டில் யார் மிஞ்சுவார்கள்?

முடிவு வந்தது. பூவாத்தாளுக்கு முதலைக் கல்லூரி. அரசுக் கல்லூரி சிவில் சீட்டு, நூற்று எழுபத்தொன்பது வாங்கிய காட்டுப்பன்றி ஒன்றுக்குப் போனது. அது யாரிடமும் யோசனை கேட்காமல், ஆசைப்பட்ட வரிசையிலேயே தன் போனில் போட்டதாம்.

பூவாத்தாள் அழவில்லை. "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினாள். திட்டியிருந்தால் அந்தத் திட்டை அப்படியே கொண்டுபோய் நாரையிடம் கொடுத்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

வெறும் கையோடுதான் போனேன். என் மகள் முன்னால் வந்து, தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன். நாரை காலை மாற்றி நின்றது. அலகோரத்தில் முதலைக் கல்லூரிக் குளத்து மீன் செதில் ஒட்டியிருந்தது.

"சீட்டு கெடைச்சுதுங்களா இல்லீங்களா, மாமா?" என்றது.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. மகள் விடுதியிலிருந்து வாரம் ஒருமுறை அம்மாவிடம் நிறையப் பேசுகிறாள். என்னிடம் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு சரி.

போன மாதம் பக்கத்துப் புதர் உடும்பு வந்தது. மகளுக்குக் கவுன்சிலிங்காம். அவள் தானே போட்டுக்கொள்கிறேன் என்று அடம்பிடிக்கிறாளாம், யாரிடம் கேட்கலாம் என்றது. நல்லசிவத்திடம் கூட்டிப்போகச் சொன்னேன். தனி ஆளாகப் போய் நியாயம் கேட்டால் நாரை மதிப்பதில்லை. உடும்பும் ஏமாந்தபின் இரண்டு பேராகப் போனால் மதிக்கும். அதிலும் உடும்பு, பிடித்தால் விடாது.

அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நீதி: பிள்ளையின் படிப்பு விஷயத்தில் பிள்ளையின் பேச்சைக் கேட்காதீர்கள். கேட்டு ஏதாவது தப்பாகப் போனால், பழி போட வெளியாள் கிடைக்க மாட்டார்.