உயிரோடிருந்த அம்மாவுக்கு வெள்ளைப் பூ

பெற்ற தாயை உயிரோடு இருக்கும்போதே சாகடித்தவன் நான். (போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே. முழுக்கதையையும் கேளுங்கள்.)

அப்போது எனக்கு இருபது வயது. திருநெல்வேலிப் பக்கம் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு, துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலைக்காக ராயபுரம் வந்து மூன்று மாதம். அதுவரை என்னிடம் பேசியவர்கள் இரண்டே பேர்: "நவுருய்யா" என்ற மேஸ்திரி, "தள்ளி நில்லு" என்ற டிராம் கண்டக்டர். சாப்பாட்டுக் கிளப்பில் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். அந்தச் சுவரில் எத்தனை பல்லி என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஒரு ஞாயிறு ஜெபத்துக்கு வேதக்கோயிலுக்குத் தாமதமாகப் போனேன். வாசலில் இரண்டு தட்டு. ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் நந்தியாவட்டை. ஆளுக்கொரு பூவைக் குத்திக்கொண்டு உள்ளே போனார்கள். செம்பருத்தி கறை பிடிக்குமே, இருப்பதோ ஒரே சட்டை என்று நந்தியாவட்டையைக் குத்திக்கொண்டேன். (எவ்வளவு புத்திசாலி பாருங்கள்!)

பிறகுதான் பாதிரியாரின் மனைவி, வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள், எழுந்து விளக்கினார். அமெரிக்காவில் ஒரு மகள், செத்துப்போன தன் தாய்க்குப் பிடித்த வெள்ளைப் பூவைக் கோயிலில் எல்லோருக்கும் கொடுத்தாளாம். அதிலிருந்து வருஷத்தில் ஒரு ஞாயிறு அம்மாக்களுக்கு. தாய் இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை. அந்த ஊர்ப் பூ இங்கே கிடைக்காததால் நந்தியாவட்டை.

பதறிப்போய்க் கழற்றினேன். குண்டூசி விரலில் ஏறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டார், பின்தெரு ரோசம்மா அக்கா. ஆராதனை முடிந்ததும் நேரே வந்தார்.

"இன்னா நைனா, அம்மா எப்போ பூட்டாங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். மூன்று மாதத்தில் என்னைத் தொட்ட முதல் கை.

"போன வருஷம்" என்றேன்.

"அழாதே. வூட்டுக்கு வா, துன்னுட்டுப் போ."

வஞ்சிரக் குழம்பு. அடுத்த ஞாயிறும் அப்படியே, அதற்கடுத்ததும். உண்மையைச் சொன்னால் மறுபடி சுவரும் பல்லியும்தானே! கொன்றுவிட்ட தாய்க்குக் கடிதம் எழுதவும் கை வரவில்லை.

வாரந்தோறும் வந்த கடிதம் நின்றால் அம்மா சும்மா இருப்பாளா? ஐந்தாம் ஞாயிறு, கையில் கருப்பட்டிப் பெட்டியோடு கோயில் வாசலில் ஜட்காவிலிருந்து இறங்கினாள். நான் வெளியே வருவதற்குள் ரோசம்மா அக்காவிடமே என்னை விசாரித்திருக்கிறாள்.

"நீ யாரும்மா அவுனுக்கு?"

"பெத்தவ."

"அவங்க பூட்டாங்கன்னானே!"

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். "ஏலே! நான் எப்பம்ல செத்தேன்?"

கோயில் வாசலே சிரித்தது. நான் ஜட்காக் குதிரைக்குப் பின்னால் ஒளிந்தேன். (அது நகர்ந்துவிட்டது.) நடந்ததையெல்லாம் உளறிக்கொட்டினேன்.

"அடப் பேமானி! அம்மா உசுரோட கீதுன்னா சோறு போடமாட்டேன்னு எவன்டா சொன்னான்?" என்றார் ரோசம்மா அக்கா.

அம்மா சிரிக்கவில்லை. "மூணு மாசமும் ஒத்தையிலயால சாப்பிட்ட?" என்றாள். பிறகு வாசல் செடியிலிருந்து கீழே விழுந்து கிடந்த செம்பருத்தி ஒன்றை எடுத்து என் சட்டையில் குத்தினாள். "எனக்கு வெள்ளைப் பூ வச்சாச்சு. நான் நெசமாவே போனா நீ இதத்தான் வைக்கணும்."

போன வருஷம் நிஜமாகவே போய்விட்டாள். இந்த வருஷம் வெள்ளைப் பூக்காரர்கள் வரிசையில் நான் மட்டும் செம்பருத்தியோடு நின்றேன். நீங்கள் ஏனென்று கேட்டீர்களே, இதனால்தான்.

ரோசம்மா அக்காவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது, கேலி போகவில்லை.

"இன்னா நைனா, அம்மா சொகமா கீறாங்களா?"

"சுகம்தான், அக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பூ உச்சிவேளைக்குள் வாடிவிட்டது. கறை மட்டும் சட்டையில் இருக்கிறது. அதைத் துவைக்கவேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.