ஆகாயத்தில் ஒரு அரோகரா

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் சொந்த வீட்டில் மட்டும் கணக்குப் பேசக் கூடாது. பேசினால் என்ன ஆகும் என்பதை நான் நடு ஆகாயத்தில் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஒரு ஜவுளி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். புதுசாகக் கல்யாணமாகியிருந்தது. மனைவி ருக்கு திருத்தணியில் என் அக்கா வீட்டில் தறி நெய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் முதலாளி அவசர வேலையாக என்னைத் திருப்பதிக்கு விமானத்தில் அனுப்புவதாகச் சொன்னார். (எங்கள் வம்சத்தில் அதுவரை உயரத்துக்குப் போனவர்கள் தென்னை மரம் ஏறியவர்கள்தான்.)

ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு ஓடினேன். கோயில் மலை மேல் நின்று புடவையை விரித்து ஆட்டு, மேலேயிருந்து பார்க்கிறேன் என்று ருக்குவிடம் சொன்னேன். அவள் தனக்கென்று முதன்முதலாக நெய்த சிவப்புப் புடவை அது.

"நெஜமா தெரியுமாங்க?" என்றாள். அந்த ஆசையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருப்பதிக்கு பஸ் நாலு மணி நேரம், அதில் திருத்தணிக்கு இரண்டரை. விமானத்துக்கு மொத்தமே அரைமணி. வகுத்துப் பெருக்கி, இத்தனை மணிக்கு உன் தலைக்கு மேல் இருப்பேன் என்று அடித்துச் சொன்னேன். கனகம்மாசத்திரத்தில் பஸ் டீ குடிக்க நிற்கிற நேரத்தையும் ஆகாயத்தில் சேர்த்துவிட்டேன். விமானம் ரோட்டு மேலேயே பறக்காது என்பதும் தெரியாது.

விமானம் ஏறியதும் வாய் பிளந்தேன். பஸ்ஸில் முதுகு ஒடியப் போகிற ஊர்களையெல்லாம் ஒரு வாய் காபிக்குள் தாண்டிவிட்டது. மனுஷன் என்னமாய்ச் செய்து வைத்திருக்கிறான்! அதற்குள் கடிகாரத்தில் என் நேரம் வந்தது. ஜன்னலில் ஒரு மலையும் வந்தது. எழுந்து நின்று கையைத் தூக்கி, "முருகனுக்கு அரோகரா!" என்று கத்தினேன். பின்னால் நாலைந்து பேர் அரோகரா போட்டார்கள். பணிப்பெண் ஓடிவந்தாள்.

பக்கத்து இருக்கைத் தெலுங்குப் பெரியவர் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "நைனா, அது திருமலை. இங்க கோவிந்தா சொல்லணும்" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் திருத்தணி வந்து சேர்ந்தேன். அக்கா, அக்கா வீட்டுக்காரர் பாவா, தறிக்காரர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். பாவா கேட்டார்: "இன்னாப்பா, எங்க ருக்கு தெரிஞ்சாளா?"

சிவப்பு பளபளவென்று தெரிந்தது என்று கூசாமல் சொன்னேன். ருக்கு என்னையே பார்த்தாள். பிறகு பாவா பக்கம் திரும்பி, "ஆங், நல்லா ஆட்டினேங்க. கைதான் வலிக்குது" என்றாள்.

அடுப்படியில் நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது அந்தப் புடவையை என் முன்னால் எடுத்து வைத்தாள். மடிப்புக்கூடப் பிரியவில்லை.

"நீங்க சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கெளம்பினேன். பாதி படி ஏறிக்கினு இருந்தேன். கெழக்கால தூரமா உய்யினு ஒரு சத்தம் போச்சு. நீங்கதானா அது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் என் மானத்தைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணின் முன் விமானம் எல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை. திருமலைக் கதையை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

இப்போதும் வெளியூர் கிளம்பும்போது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று நான் வாயைத் திறந்தால் போதும். உள்ளேயிருந்து ருக்குவின் குரல் வரும்: "அரோகராவா, கோவிந்தாவா?"

பேரப்பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவார்கள்: "கோவிந்தா!"