டொக்கு அங்கிளும் மூன்று சக்கர வண்டியும்

கோலாலம்பூரில் ஓடிய சக்கரங்களில் டொக்கு அங்கிளின் சுத்தியலிடம் அடி வாங்காத சக்கரம் ஒன்றுகூட இருந்திருக்காது. ரயில், லோரி, மோட்டார் சைக்கிள், ஐஸ்கிரீம்காரர் வண்டி, கோயில் தேர் எல்லாம் வாங்கியிருக்கின்றன. ஒருமுறை போலீஸ் ஜீப் ஒன்றும் வாங்கியது. அந்தக் கதையை மட்டும் அவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவருடையது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தனிக்கட்டை. ரயில்வேயில் அவர் பார்த்த வேலை, நிலையத்தில் நிற்கும் வண்டியின் சக்கரங்களை நீளக் காம்பு போட்ட சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. 'ணங்' என்று கேட்டால் நல்ல சக்கரம். 'டொக்' என்று கேட்டால் உள்ளே விரிசல், வண்டி நகரக் கூடாது. ஓய்வு கொடுத்து அனுப்பும்போது ரயில்வே மறக்காமல் சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவரும் மறக்காமல் மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் வேறொன்று வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வரிசையில் எதுவும் தப்பவில்லை. தேங்காய், பூந்தொட்டி, மேசைக்கால், பாசார் சந்தையில் அடுக்கி வைத்த தர்ப்பூசணி என்று எதைக் கண்டாலும் ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கேட்பு, பிறகு தீர்ப்பு. இரண்டே தீர்ப்புதான். ஒன்று ணங்கு, இன்னொன்று டொக்கு. கொஞ்ச நாளில் நாங்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டோம். புது மேனேஜர் எப்படி என்று ஆபீசில் கேட்டால், "டொக்கு லா" என்பேன். விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த வார்த்தையால் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது. மண்டப வாசலில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்குகிறார். அங்கிள் குனிந்து காரின் பின்சக்கரத்தைத் தட்டிவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "டொக்கு! நட்டு லூசு! மொதல்லயே பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினார். மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார். "யாருக்கு நட்டு லூசுங்கிற?" அங்கிள் அசராமல், "பின்னாடி, எடது பக்கம்" என்றார். மாப்பிள்ளை பாவம், தன் பின்பக்கத்தைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டார். சக்கரத்தைக் காட்டி விளக்குவதற்குள் பெண் வீட்டாருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மனிதருக்கு ஓர் இடத்தில் உட்காரவும் தெரியாது. காலில் சக்கரம் கட்டிய மாதிரிதான். காப்பி கொடுத்தால் நடந்துகொண்டே குடிப்பார். எங்கள் வீட்டில் வாங்கிய குவளையை நாலாவது வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வாரம் ஒருமுறை குவளை பொறுக்கக் கிளம்புவது என் வேலையாயிற்று.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பிள்ளையின் தலையெழுத்து போய் மாட்டியது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். என் மகள் மீனாவுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. எனக்கு ஐந்தாம் மாதம். நடுவில் ஒரு நாள் வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதில், "இனி குழந்தையைத் தூக்கவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீனாவோ தெருவில் இறங்கினால் ஓர் அடி நடக்க மாட்டாள். "தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். தினமும் காலையில் மினி பஸ் ஏறி, பங்சாரில் பிள்ளை பார்க்கும் ஆன்டி வீட்டில் அவளை விட்டுவிட்டுத்தான் நான் ஆபீஸ் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. விடிவதற்கு முன்பே போய்விடுவார்.

அவருடைய அக்கா கோலாலம்பூருக்கு வெளியே செமினியில் இருந்தார். நல்ல மனுஷி, பிள்ளை இல்லாதவர். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் போன் வந்தது. "நீ பெத்து எந்திரிக்கிற வரைக்கும் புள்ள என்கிட்ட இருக்கட்டும்மா. ராணி மாதிரி பாத்துக்குறேன்." ராணி மாதிரி பார்த்துக்கொள்வார் என்பதுதான் என் பயமே. நாலைந்து மாதம் கழித்து மீனா யாரை அம்மா என்று கூப்பிடுவாள்? வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு மூன்று வாரம் தவணை வாங்கினேன். பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரி, ஒரு கையால் மடக்குகிற மாதிரி சின்னத் தள்ளுவண்டி ஒன்று கிடைத்துவிட்டால் பிள்ளை என்னோடு. இல்லாவிட்டால் அக்காவோடு செமினிக்கு.

"வண்டியா? நான் பாத்துக் குடுக்குறேன்!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. சுத்தியல் ஏற்கெனவே கையில் இருந்தது.

முதல் வேலையாக பொட்டலம் கட்டுகிற ராபியா கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறி நடைபாதையின் அகலத்தை அளந்தார். ஓடுகிற பஸ்ஸில், நிற்கிற சனத்தின் கால்களுக்கு நடுவே குனிந்துகொண்டு.

"அங்கிள், என்னா அளக்குற? பஸ்ஸ வாங்கப் போறியா?" என்று கண்டக்டர் கத்தினான்.

"வாங்குற மாதிரியா வச்சிருக்கீங்க? டொக்கு!"

கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். இந்த முடிச்சுக்கு மேல் அகலமான வண்டி வேண்டாம் என்றார். அதுவரை சரிதான், எனக்கும் நம்பிக்கை வந்தது.

முதல் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இருந்த கடைகளையெல்லாம் பார்த்தோம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார், சக்கரத்தைத் தட்டுவார், தலையைச் சாய்ப்பார். "டொக்கு." அடுத்த வண்டி. "டொக்கு." நானும் சரி, பெரியவர், அனுபவஸ்தர் என்று பின்னாலேயே நடந்தேன். இரண்டாவது சனிக்கிழமை சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடி. வாசலிலேயே காவலாளி சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அங்கிள் விரல் முட்டியால் தட்டினார். அதுவும் டொக்குதான். ஒன்பது வண்டி நிராகரித்துவிட்டு, ஆறிப்போன காப்பி ஒன்றை நடந்துகொண்டே குடித்தார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

கடைசிச் சனிக்கிழமை கிள்ளான். மறுநாள் அக்கா வருகிறார். மீனாவின் துணிகளை ஒரு பையில் போட்டு வைக்கும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் போடவில்லை. ரயிலில் போகும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கிளோ வண்டி நிற்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்.

கிள்ளானில் குழந்தைச் சாமான் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஒன்று, இரண்டு, மூன்று வண்டி. டொக்கு, டொக்கு, டொக்கு. நான்காவதுக்குச் அங்கிள் சுத்தியலை ஓங்கியபோது தவுக்கே குறுக்கே பாய்ந்தார்.

"டக் போலே அங்கிள், கூடாது! இது பேபி வண்டி லா, ரயில் வண்டி இல்ல! பிளாஸ்டிக் ஒடஞ்சி போகும்!"

பிளாஸ்டிக் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம்! பார்த்த அத்தனை வண்டிக்கும் பிளாஸ்டிக் சக்கரம். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அங்கிள்! பிளாஸ்டிக்க தட்டுனா எப்படி ணங்குன்னு கேக்கும்? நீங்க சாகுற வரைக்கும் தட்டுனாலும் டொக்குன்னுதான் கேக்கும்! நாளைக்கி என் புள்ளைய கூட்டிக்கிட்டுப் போகப் போறாங்க. ஒங்கள நம்பி வந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கிள் சுத்தியலைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, நான் பழகிய காலத்தில் முதல் தடவையாக, உட்கார்ந்தார். அது குழந்தைகளுக்காக வைத்திருந்த குட்டி நாற்காலி. முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமும் அடங்கவில்லை.

திடீரென்று எழுந்தார். சுத்தியலைத் தவுக்கேயின் மேசைமேல் வைத்தார். கடையின் மூலையில் ஆணியில் தொங்கிய ஒரு சின்ன வண்டியைக் கைகாட்டினார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு.

"அது ஏன் அங்க தொங்குது?"

"அது யாரும் வாங்க மாட்டாங்க அங்கிள். தமிழாளுங்க மூணு ஆகாதுன்னு சொல்றாங்க. எங்க ஆளுங்களுக்கு மூணு நல்ல நம்பர், நாலுதான் சாவு. ஆனா எங்க ஆளுங்க பெரிய வண்டிதான் கேக்குறாங்க."

அங்கிள் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். முடிச்சுக்கு உள்ளேயே அடங்கியது. ஒரு கையால் மடக்கினார், குடை அளவுக்குச் சுருங்கியது. பக்கத்துக் கடைக்கு ஓடிப் போய்ப் பத்துக் கிலோ அரிசி மூட்டையை இரவல் வாங்கி வந்து, வண்டியில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டு, தூறிக்கொண்டிருந்த மழைக்குத் துண்டால் போர்த்திவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு கிளம்பினார். கடை வரிசைத் தாழ்வாரம், சாக்கடை மூடி, மேடு, பள்ளம், தூணுக்குத் தூண் வளைவு ஒன்றையும் விடவில்லை. எதிரே வந்த ஓர் ஆன்டி நின்று, "ஐயோ, தூங்குதா? ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார்.

"பத்துக் கிலோ!" என்று சொல்லிவிட்டு அங்கிள் போய்க்கொண்டே இருந்தார்.

ஏழு சுற்று. திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. "இதை எடுத்துக்கம்மா" என்றார். ணங்கும் சொல்லவில்லை, டொக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். வண்டியைப் பார்த்ததுமே முகம் மாறியது. "என்னாம்மா இது, மூணு சக்கரம்? வாயும் வயிறுமா இருக்கிற வீட்டுல மூணு ஆகுமா?"

வேலிப்பக்கமிருந்து பதில் வந்தது. "முக்காலி ஆடி நீ எங்கயாவது பாத்திருக்கியாம்மா? நாலு கால் நாற்காலிதான் ஆடும். அப்புடியும் மனசு கேக்கலன்னா, தள்ளுறவ கால் ரெண்டையும் சேத்துக்க. அஞ்சு!"

அக்காவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "நான் நாளைக்கி இங்கயேதான் இருக்கேன். நீ ஒத்தையா போய்ட்டு வா. புள்ளைய ஒரு தடவகூட தூக்காம வந்துட்டேன்னா நான் வாய மூடிக்கிட்டு ஊருக்குப் போறேன்."

திங்கள் காலை. மீனா வண்டியில் ஏறி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். மினி பஸ் வந்தது. கையைப் பிடித்தபடி அவளே விளையாட்டாகப் படியேறினாள். நான் வண்டியை மடக்கினேன், ஏறினேன், நடைபாதையில் இடிக்காமல் நுழைந்து உட்கார்ந்தேன். ஆச்சரியம் என்னவென்றால், நாங்கள் உட்காரும் வரை டிரைவர் பஸ்ஸை எடுக்கவில்லை. மினி பஸ்ஸில் இது நடக்காத காரியம். இறங்கும்போதும் அப்படியே பொறுமையாக நின்றான். என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நான் நடந்ததைச் சொன்னபோது அக்கா சொன்ன சொல் தவறவில்லை. மீனாவுக்கு என்று வாங்கி வந்திருந்த பொம்மையை அவள் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் காலை பங்சாரில் இறங்கப் போகிறேன், கண்டக்டர் கூப்பிட்டான்.

"அக்கா, ஒங்கப்பா தூங்கிட்டாரு. எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"எங்கப்பாவா?"

கடைசி சீட்டில் டொக்கு அங்கிள். மடியில் பேப்பர், வாய் திறந்திருக்கிறது, குறட்டை.

"டெய்லி ஒங்களுக்கு முந்துன ஸ்டாப்புல ஏறிடுவாரு. 'என் பொண்ணு புள்ளத்தாச்சி, ஒக்காருற வரைக்கும் பஸ்ஸ எடுத்தா நடக்குறதே வேற'ன்னு டிரைவர மெரட்டிட்டு, போய்ப் பேப்பர் மறைவுல ஒக்காந்துக்குவாரு. நீங்க எறங்குனதும் அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிப் போவாரு. தெரியாதா?"

தெரியாது. தோளைத் தொட்டு எழுப்பினேன். திடுக்கிட்டு எழுந்து, "எந்த ஸ்டேஷன்?" என்றார்.

"பங்சார், அங்கிள். எறங்குங்க."

ஸ்டாப்பில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மீனா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வராத கோபத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "நீங்களே எடுத்துக் குடுத்த வண்டிதானே? ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா? இல்ல, என்னை நம்பலையா?"

"வண்டிய நம்புறேம்மா. ஒன்னையும் நம்புறேன்." பஸ் போன திசையைப் பார்த்து முறைத்தார். "அந்த டிரைவர் பயலத்தான் நம்ப முடியல."

கிள்ளானில் கடை நடுவே அவரைப் பார்த்து நான் கத்தியதெல்லாம் ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குக் கால் பரபரத்தது. எதிர்ப்பக்க ஸ்டாப்புக்குக் கிளம்பிவிட்டார்.

"அங்கிள்!" என்று கூப்பிட்டேன். நின்று திரும்பினார்.

"நாளைக்கி கடைசி சீட்டுல போயி ஒளிஞ்சிக்காதீங்க. எங்க பக்கத்துலயே ஒக்காருங்க. புள்ள ஒங்களப் பாத்துக்கிட்டே வரட்டும்."