சைலன்சருக்கு இஸ்திரி

"ஏத்தணுமா சார்?" என்று வேன்காரர் கேட்டபோது, காதுக்காரர் சிவப்பியின் மேல் உட்கார்ந்தபடியே எதிரே இருந்த தையல் கடைப் பலகையை ஒன்றுமே நடக்காதது போலப் படித்துக்கொண்டிருந்தார்.

"எதை ஏத்தணும்?"

"வண்டியைத்தான். மூணு தடவை பச்சை விழுந்துடுச்சு. நீங்க நகரவே இல்ல."

"வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பின்னாடி பஸ்காரரும் அதைத்தான் பண்றாரு. ஆனா அவரு வாயில வர்ற வார்த்தைதான் நல்லா இல்ல."

காதுக்காரர் இறங்கினார். சாவியைத் திருப்பினார், பட்டனை அமுக்கினார், சிவப்பியின் டேங்கைத் தடவிக்கொடுத்து அவளிடம் ரகசியமாக ஏதோ கெஞ்சினார். ஒரு முனகல்கூட வரவில்லை.

கடைவீதியில் காது கேட்கும் கருவி விற்றுப் பொருத்துகிற கடை வைத்திருப்பதால் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். சிவப்பி இத்தாலியில் பிறந்த பந்தய மோட்டார் சைக்கிள். பத்து வருஷம் படத்தைப் பார்த்து ஏங்கி, பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஓடுகிற நாளில் அவருக்கு இருபது வயது. ஓடாத நாளில் எழுபது. போன வருஷம் முழுக்க அவர் பெரும்பாலும் கிழவராகவே இருந்தார்.

வீடு மாமனாருடையது. மாடியில் காதுக்காரரும் மனைவியும். கீழே மாமனாரோடு மச்சினனும் அவன் மனைவியும். மச்சினன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். அவனிடமும் ஒரு இத்தாலி வண்டி இருந்தது. வேறு கம்பெனி, மஞ்சள் நிறம், பெயர் மஞ்சக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் காது கிழியக் கிளம்புவார்கள். பொழுது சாயும் நேரத்தில் யாராவது ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார், மற்றவர் கூடவே நடந்து வந்து புத்தி சொல்வார்.

"உன் வண்டி, மழை வரும்னு ரேடியோவுல சொன்னாலே நின்னுடுது மச்சான்."

"உங்க வண்டி சிக்னலுக்கு மரியாதை குடுக்குது மச்சான். பச்சை விழுந்த பிறகும் மரியாதை குடுக்குது, அதான் தொல்லை."

மூன்று வருஷமாக இந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லை. தீர்ப்புச் சொல்ல வந்தது ஒரு தராசு.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கோ ஏலத்தில் ஆள் ஏறி நிற்கிற பழைய தராசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஷெட்டில் இரண்டு வண்டி நின்றால் தராசுக்கு இடமில்லை. தராசையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் அறிவித்தார்.

"ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும். முப்பது நாள் பரீட்சை. காலையில எந்த வண்டியும் கிளம்பும், அது பெரிசில்ல. சாயங்காலம் சொந்தச் சக்கரத்துல, இஞ்சின் உயிரோட கேட்டுக்குள்ள வரணும். ஒரு நாள் தவறினாலும் அந்த வண்டியை வித்துடணும்."

"ரெண்டுமே பாஸாயிட்டா?" என்றான் மச்சினன்.

மாமனார் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "ஆனா பாக்கலாம். அப்ப தராசை என் படுக்கையறையில வச்சுக்கறேன்."

காதுக்காரரின் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "சீக்கிரம் தோத்துத் தொலைங்க. சட்டையில எண்ணெய்க் கறை எடுத்து எடுத்து என் நகமே கறுத்துப் போச்சு." மச்சினன் மனைவி ஒரு படி மேலே போனாள். "அண்ணா, தோக்கும்போது இவரையும் கூட்டிக்கிட்டுத் தோத்துடுங்க."

வீட்டில் ஒரு ஜீவனும் தன் பக்கம் இல்லை என்பது காதுக்காரருக்கு உறைத்தது. சிவப்பியை விற்றால் நாளைக்கு வேறு எவனோ அவளைத் தள்ளிக்கொண்டு போவான்.

பதினோரு நாள் ஒப்பேறியது. பன்னிரண்டாம் நாள்தான் இந்தச் சிக்னல், இந்த வேன்.

"தெருவுக்கு மேல, அந்த மேட்டுல மட்டும் இறக்கி விடுப்பா," என்றார் காதுக்காரர், சிவப்பியை ஏற்றிய பிறகு.

வீடு சரிவின் அடியில் இருந்தது. மேட்டிலிருந்து விட்டால் வண்டி தானாக உருண்டு கேட்டுக்குள் போய்விடும். சொந்தச் சக்கரம் ஆயிற்று. இஞ்சின் சத்தத்துக்கு வழி? அவர் சத்தத்திலேயே பிழைக்கிறவர். கடையில் காது சோதிக்க வைத்திருக்கும் சின்ன ஒலிபெருக்கி பையில் இருந்தது. சிவப்பி ஆரோக்கியமாக இருந்த காலத்தில் அவள் உறுமலை ஆசையாகப் பதிவு செய்து வைத்தது போனில் இருந்தது. இரண்டையும் சேர்த்து டேங்கின் மேல் பையில் திணித்து, ஜம்மென்று உருண்டு வந்து கேட்டுக்குள் நின்றார். சாவியைத் திருப்பி அணைத்தார்.

உறுமல் அணையவில்லை.

கேட்டருகே நாற்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்த மாமனார் நிமிர்ந்தார். "இஞ்சினை அணைச்சாச்சா மாப்ளே?"

"அணைச்சாச்சு மாமா."

"அப்ப இது என்ன?"

"இத்தாலி வண்டி மாமா. ஓடி வந்துச்சுல்ல, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும்."

மாமனார் நோட்டில் ஏதோ எழுதினார். விதியில் இல்லாததற்கு அவர் தண்டனை தர மாட்டார், ஆனால் குறித்துக்கொள்வார். முப்பது வருஷ உத்தியோகப் பழக்கம்.

மெக்கானிக் சிவப்பியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு சாமான் போய்விட்டது, இத்தாலியிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்று கையை விரித்தார். பரீட்சைக்கு மிச்சமிருந்ததோ பதினெட்டு நாள். வேறு வழியில்லாமல் அன்றிலிருந்து காலையில் மாமனார் நடைக்குப் போன நேரம் பார்த்து வேன் வரும், சிவப்பியை ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகும், மாலையில் மேட்டில் இறக்கும். மச்சினன் ஆறு மணிக்கே வகுப்புக்குக் கிளம்பிவிடுவதால் அந்தப் பக்கம் தொல்லை இல்லை. மனைவியும் சரியாக அந்த நேரத்தில்தான் குளிக்கப் போவாள். தனக்கு நல்ல காலம் நடக்கிறது என்று காதுக்காரர் நினைத்துக்கொண்டார்.

நல்ல காலம் பதினைந்தாம் நாள் வரை நடந்தது. அன்று சரிவில் பாதி வந்தபோது உறுமல் பட்டென்று நின்றது. அடுத்த கணம் மனைவியின் குரல் தெருவே கேட்கும்படி கணீரென்று ஒலித்தது.

"வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வாங்க!"

கேட்டுக்குள் வந்து நின்ற சிவப்பியை மாமனார் சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்ளே, வண்டி சோப்பு கேக்குது."

"போன் மாமா. போன்ல பேசினா. அவ கூப்பிட்டா அது தானாவே எடுத்துக்கும்."

"பேசினது சரி. அவ பேசும்போது இஞ்சின் ஏன் வாயை மூடிக்கிச்சு?"

"எனக்கே அவ பேசினா அப்படித்தான் மாமா ஆகுது."

இது மாமனாருக்கு நியாயமாகப் பட்டது. அவர் மகள்தானே. இருந்தாலும் நாளையிலிருந்து இஞ்சினில் காதை வைத்துக் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர் காதில் இருந்த கருவி காதுக்காரர் தன் கையால் பொருத்தியது. நல்ல மருமகன் என்று பேர் வாங்குவதற்காக, பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் புரட்டுவது கேட்கிற அளவுக்கு அதை முறுக்கி வைத்திருந்தார். செய்த நன்மை அத்தனையும் இப்போது இஞ்சினருகே வந்து உட்காரப்போகிறது.

"கருவி அழுக்காயிருக்கு மாமா. குடுங்க, சர்வீஸ் பண்ணித் தர்றேன்," என்று வாங்கிப்போய், அதன் ஒலியைக் கடைசி வரைக்கும் இறக்கிக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

மறுநாள் மாமனார் கருவியைத் தட்டிப் பார்த்தார், காதைக் குடைந்தார், கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"காது போயிடுச்சு மாப்ளே. வயசாச்சுல்ல. பரவாயில்ல, இனிமே சத்தம் வேணாம். சைலன்சர்ல கையை வச்சுப் பாத்துக்கறேன். சூடா இருந்தா ஓடி வந்த வண்டி, சில்லுன்னு இருந்தா தோத்த வண்டி. ரெண்டு வண்டிக்கும் இதுதான் சட்டம்."

காதுக்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. சத்தத்தைப் போனில் அடைக்கலாம். சூட்டை எதில் அடைப்பது? வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், மேட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போனது. துணி சுற்றிப் பார்த்தார், துணிதான் சூடாக இருந்தது. கடைசியில் வேன்காரர்தான் தையல் கடைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

தையல்காரர் எதற்கும் அசராதவர். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சிவப்பியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பருத்தியா, பட்டா?"

"இரும்பு."

"அப்ப முழுச் சூடும் வைக்கலாம்," என்று சொல்லிவிட்டு, காலர் தேய்க்கிற அதே பொறுமையோடு தேய்க்க ஆரம்பித்தார்.

கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்துவிட்டார் போலிருக்கிறது. அன்று மாலை மாமனார் சைலன்சரில் கையை வைத்த வேகத்தில் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். வலது கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே இடது கையால் நோட்டில் கோணல்மாணலாக எழுதினார்: 'இஞ்சின் மிகவும் நலம்.' காதுக்காரருக்குப் பாவமாக இருந்தது. ராத்திரி அவரே மருந்து தடவிவிட்டார். அந்தக் கைக் கொப்புளத்தைப் பார்த்தபோது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஷெட்டில் நின்ற சிவப்பியை எட்டிப் பார்த்தார். ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படியே கொப்புளமும் இஸ்திரியுமாக முப்பதாம் நாள் வந்தது. அன்று ஒரு நாள் தாண்டிவிட்டால் சிவப்பி நிரந்தரம். வாடிக்கையாளர் ஒருவரிடம் "நாளைக்கு வாங்க, இன்னைக்கு எனக்கே எதுவும் கேக்கலை," என்று சொல்லிவிட்டுக் கடையைச் சீக்கிரமே சாத்தினார். வேன் சிவப்பியோடு தையல் கடை வாசலுக்கு வந்தது.

உள்ளேயிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார். "கொஞ்சம் நில்லுங்க சார். ஒரு உருப்படி ஓடிக்கிட்டு இருக்கு."

காதுக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே மஞ்சக்காரி நின்றிருந்தாள். அவள் சைலன்சரின் மேல் இஸ்திரிப் பெட்டி போய்வந்துகொண்டிருந்தது. ஒயர் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மச்சினன் நின்றிருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தையல்காரர் மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் காதுக்காரர்.

"பதிமூணாம் நாள்லேர்ந்து. நீங்க?"

"பன்னெண்டு."

"அப்ப நான்தான் ஜெயிச்சேன்!"

"எப்படிடா? ஓடாத வண்டியில எது நல்லா ஓடாத வண்டின்னா போட்டி வச்சாங்க? அது கிடக்கட்டும், சத்தத்துக்கு என்ன பண்ணினே?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். "ஹெல்மெட்டுக்குள்ள வாயாலதான்."

"வாயாலயா?"

"அப்பா காதுல எல்லாம் கேட்டுச்சே மச்சான். கியர் மாத்துறதுகூட விடாமப் பண்ணினேன். ரெண்டு நாள்ல தொண்டை கட்டிப்போச்சு. நல்ல வேளை, அவரு காது போச்சு."

"அது போகலை. நான் போக வச்சேன்."

மச்சினன் அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். ஆனால் நன்றி ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. ஒரு நாள் அதிகம் ஓடிய வண்டி தன்னுடையது, ஆகவே மஞ்சக்காரிதான் உசத்தி என்று அவன் மறுபடி ஆரம்பித்தான். பன்னிரண்டாம் நாள் சிவப்பி சிக்னல் வரைக்கும் வந்துதான் நின்றாள், ஆகவே அது அரை நாள் கணக்கு என்று காதுக்காரர் விட்டுக்கொடுக்காமல் நின்றார். மஞ்சக்காரி பதிமூணாம் நாள் எங்கே நின்றாள் என்று கேட்டார். அதே சிக்னலில்தான் என்று தெரிந்ததும் இன்னும் சூடானார். மணி ஆறு ஆகப்போகிறது, கேட்டில் நோட்டோடு மாமனார் காத்திருக்கிறார் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று.

"வேன்காரரைக் கேப்போம்," என்றான் மச்சினன். "ரெண்டையும் ஏத்தி இறக்கினவரு அவருதான். யாரு வண்டி நல்ல வண்டின்னு அவரே சொல்லட்டும்."

"கேளு. நானும் அதைத்தான் சொல்றேன். நீங்களே சொல்லுங்கப்பா, மனசாட்சியோட சொல்லுங்க. எங்க வண்டி நின்ன நேரத்துக்கெல்லாம் நீங்க இங்கயே இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

வேன்காரர் சிவப்பியைக் கட்டியிருந்த கயிற்றை இறுக்கிவிட்டுத் திரும்பினார்.

"வண்டியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். 'எந்த வண்டி தோத்தாலும் அந்த ஆளு ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுலயே உக்காந்துடுவாரு, அது மட்டும் நடக்கவே கூடாது'ன்னு சொல்லி, மாடி அக்காவும் கீழ்வீட்டு அக்காவும் சேர்ந்து பரீட்சை தொடங்கின அன்னைக்கே என்னைய இந்தச் சிக்னல்ல கொண்டாந்து நிறுத்திட்டாங்க."