விசாரணை மாமாவும் சுற்றாத பாபினும்

மைசூரில் இரண்டு பேரிடம் எதையும் மறைக்க முடியாது. ஒருவர் மலைமேல் இருக்கிற சாமுண்டி. இன்னொருவர் எங்கள் அக்ரஹாரத்து விசாரணை மாமா. சாமுண்டியாவது எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருப்பாள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். தெருவுக்கு அவர் விசாரணை மாமா. மின்சார இலாகாவில், மீட்டரில் தில்லுமுல்லு செய்கிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். சந்தேகம் சர்வீசில் தொடர்ந்தது.

மிக்ஸி, குக்கர், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், எது நின்றாலும் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டாலும் வருவார். காசு வாங்க மாட்டார். ஆனால் அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. "மிஷின் தானா கெடாது. யாரோ கெடுப்பாங்க." அந்த யாரோவைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூ டிரைவரைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஹாலில் வந்து உட்கார வேண்டும். காபி கொடுத்தால் தொட மாட்டார். விசாரணை முடிவதற்கு முன்னால் வரும் காபி லஞ்சம்.

"மாமா, முதல்ல மிஷினைப் பாருங்களேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போயிற்று. "மிஷின் எங்கேயும் ஓடிடாது. சாட்சிதான் ஓடிடும்" என்பார்.

எதிர்வீட்டு குக்கர் ஒருமுறை விசில் அடிக்க மறுத்தது. அரைமணி நேர விசாரணையில் தெரியவந்தது: வீட்டோடு இருந்த மாப்பிள்ளை, கிரிக்கெட் பார்க்கும்போது சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று விசிலைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறார். குக்கர் பத்து நிமிடத்தில் சரியானது. மாமியாரும் மாப்பிள்ளையும் சரியாவதற்குச் சங்கராந்தி வரை ஆயிற்று.

கோடி வீட்டு ஸ்கூட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று புகார். மாமா இன்ஜினைத் திறக்கவே இல்லை. அந்த வீட்டுப் பையனைப் பார்த்து, "தினம் குவெம்பு நகர்ல யாரு இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறு வருஷம் கல்யாணம். முதல் பத்திரிகை மாமாவுக்கு.

பக்கத்து வீட்டு கன்னட அம்மா மட்டும் புத்திசாலி. அவர் வருவதைப் பார்த்தாலே, "பன்னி மாமா, குத்கொள்ளி. தப்பு நன்னதே" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி, தப்பு தன்னுடையதே என்று குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, மிக்ஸியை நீட்டிவிடுவார். மாமாவுக்கு இது துளியும் பிடிக்காது. தானாக வந்து விழுகிற குற்றவாளியில் என்ன சுவாரஸ்யம்?

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு நிச்சயதார்த்தத்தன்று காலையில்.

பெண், என் மனைவி வசந்தியின் அக்கா மகள் காவ்யா. மாலையில் நிச்சயதார்த்தம். அவளுக்கான பட்டு ரவிக்கையை தேவராஜ மொஹல்லாவில் ஒரு பெரிய டெய்லரிடம் கொடுப்பதாக இருந்தார்கள். வசந்திதான், "எதுக்கு வெளியில குடுக்கணும்? நான் தைக்கிறேன்" என்று அக்காவிடம் மார்தட்டி வாங்கி வந்தாள். அக்கா அப்போதே, "உன்னால முடியுமாடி?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா தங்கைகளுக்கு நடுவே இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. ஜன்மத்துக்கும் நிற்கும்.

முதுகுப் பக்கமும் ஒரு கையும் பாக்கி இருந்தபோது, தையல் மிஷினின் அடிநூல் உருளையான பாபினில் நூல் தீர்ந்தது. புது நூல் சுற்றலாம் என்று பார்த்தால், பாபின் சுற்ற மாட்டேன் என்றது. கொஞ்சம் சுற்றும், நிற்கும். மறுபடி சுற்றும். சுற்றியதும் இறுக்கமில்லாமல், தலைவாராத முடி மாதிரி பொசபொசவென்று இருந்தது. அதைப் போட்டுத் தைத்தால் அடிப்பக்கம் முழுக்க நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. இழுத்தால் தையல் கையோடு வந்தது.

வசந்தி அழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "அக்கா சிரிக்கமாட்டா. 'பரவாயில்லடி'ன்னு சொல்லுவா. அதைத்தான் என்னால தாங்க முடியாது" என்றாள்.

நான் உதவப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் பலமாக ஊதுவது. ஊதினேன். பஞ்சு பறந்து என் கண்ணில் விழுந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள் நித்யா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, மாமாவே கேட்டுக்குள்ள வந்துட்டு இருக்கார்" என்றாள். சத்தத்தை வைத்தே வந்துவிட்டாராம். "நாலு நிமிஷமா உங்க வீட்டு மிஷின் விட்டு விட்டு ஓடுது" என்றார் வாசலிலேயே. "எல்லாரும் ஹாலுக்கு வாங்க."

"மாமா, சாயங்காலம் நிச்சயதார்த்தம்..." என்றாள் வசந்தி.

"அப்ப சீக்கிரம் உண்மையைச் சொல்லுங்க."

உட்கார்ந்தோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். முதலில் என்னிடம்தான் வந்தார். என் முகம் பிறவியிலேயே குற்றவாளி முகம். சோதனைச் சாவடிகளில் என் பையைத்தான் முதலில் திறப்பார்கள்.

"நீ என்ன பண்ணே?"

"ஊதினேன் மாமா."

"எதுக்கு?"

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். பஞ்சு இன்னும் உள்ளே இருந்தது.

நித்யாவிடம் திரும்பினார். "பாபின் சுத்தறப்போ சக்கரத்து நடுவுல இருக்கற திருகை லூஸ் பண்ணினியா? இல்ல ஊசியும் சேர்ந்து குதிச்சிட்டு இருந்துதா?"

"நான் மிஷின் பக்கமே போகல அங்கிள். சத்தியமா."

"போகாததுதான் உன் குத்தம். அம்மாவுக்கு உதவி பண்றதில்லே, அல்வா?" என்று, 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்தார். நித்யாவுக்கு இது சட்டப்படி சரியில்லை என்று தோன்றியது.

வசந்தியிடம் வரிசையாகக் கேட்டார். நூலை மேலே இருக்கும் தட்டுக்கு நடுவில் விட்டாயா? விட்டேன் மாமா. (விடாவிட்டால் நூல் தளர்ந்து சுற்றும்.) பாபினைக் கம்பியில் அடிவரை அழுத்தினாயா? அழுத்தினேன். ஓரம் வளைந்த பாபினா? புதுசு மாமா. நூல்கண்டு சிக்காமல் உருள்கிறதா? உருள்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மாமாவின் முகம் வாடியது. வசந்தி நிரபராதி என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

வேறு வழியில்லாமல் மிஷினிடம் போனார். பாபின் மாட்டும் இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது சக்கரத்தோடு உரசித்தான் பாபின் சுற்றும். அதை விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் மீட்டர் திருடனைப் பிடித்த பழைய வெளிச்சம் வந்தது.

"எண்ணெய்!"

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"இரும்புக்கு எண்ணெய் விடலாம். ரப்பருக்கு விடலாமா? வழுக்காதா? சக்கரம் சுத்தும், ரப்பர் சும்மா நிக்கும், பாபின் எப்படிச் சுத்தும்? இதைப் பண்ணவன் மனுஷனா? அவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இது வேணும்னே பண்ணின வேலை. யாரு? இப்பவே சொல்லணும்."

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் பதில் தெரியும். சொல்லத்தான் தைரியமில்லை. கடைசியில் நித்யாதான் சொன்னாள்.

"அங்கிள்... ஆயுத பூஜை அன்னிக்கு நீங்கதானே..."

ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் பெண்கள் மிஷின்களுக்குக் குங்குமம் வைப்பார்கள். ஆண்கள் வண்டிக்கு முன்னால் பூசணிக்காய் உடைப்பார்கள். மாமா எண்ணெய்க் குப்பியோடு வீடு வீடாக வருவார். அசைகிற பொருள் எதுவானாலும் ஒரு சொட்டு. கேட், கிரைண்டர், ஊஞ்சல், சைக்கிள், தையல் மிஷின். அவரைத் தடுத்தவர் யாருமில்லை. எண்ணெய் இல்லையென்றால் பூஜையே ஆகவில்லை என்பது தெருவின் வழக்கமாகிவிட்டது.

மாமா அசையாமல் நின்றார். பிறகு அவர் செய்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மெதுவாக நடந்து வந்து, என் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில், எங்களோடு குற்றவாளி வரிசையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குக் கண்ணாடி போட்டிருந்தியா?" என்று கேட்டார். எங்களைப் பார்த்து இல்லை.

"இல்லை" என்று அவரே சொன்னார்.

"ஏன் போடல?"

"தெரியும்னு நினைச்சேன்."

"நினைச்சே." தலையை ஆட்டிக்கொண்டார். "எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

வசந்தியால் தாங்க முடியவில்லை. "விடுங்க மாமா, தெரியாம நடந்தது" என்றாள்.

"நீ குறுக்கே பேசாதே. விசாரணை நடந்திட்டிருக்கு."

தீர்ப்பு உடனே வந்தது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பார்த்தார். எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது, தேறவில்லை. நித்யாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில் ஏறி தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனார். ஒரு ரப்பர் வாங்கப் போனவர் ஒரு பொட்டலம் நிறைய வாங்கி வந்தார். தெருவில் தையல் மிஷின் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்து. எல்லா வீட்டு ஆயுத பூஜையும் அவர் நடத்தியதுதானே?

எங்களுடையதை மாட்டினார். வசந்தி மிதித்தாள். பாபின் கிர்ரென்று ஒரே சீராகச் சுற்றி, நூல் பட்டை போலப் படிந்தது. அந்தச் சத்தத்தை நான் இதுவரை கேட்ட எந்தக் கச்சேரியோடும் ஒப்பிட மாட்டேன், கச்சேரிகளுக்கு அவமானம். வசந்தி தைக்கத் தொடங்கியபோது, மாமா பொட்டலத்தோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "குத்தவாளி வந்திருக்கேன்மா. மிஷினைக் காட்டு."

மாலை மண்டபத்தில் ரவிக்கையோடு காவ்யா வந்து நின்றாள். அக்கா முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான்டி தைச்சிருக்கே" என்றாள். எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. வசந்தி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் நிம்மதி இல்லாத ஆள் ஒருவர் தூண் ஓரமாக நின்றிருந்தார். வசந்தி வற்புறுத்தி அழைத்து வந்த மாமா. காவ்யா பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்யத் தொடங்கினாள். எங்கள் சம்பந்திகளுக்குப் பெரியவர்கள் அதிகம். ஒவ்வொரு முறை அவள் குனியும்போதும் மாமா கண்ணை இறுக மூடினார். நிமிர்ந்ததும் திறந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் ரெண்டு பெரியவங்க பாக்கி" என்றார்.

கடைசியில் வசந்தி, "காவ்யா, மாமாவுக்கும் பண்ணுடி" என்றாள்.

மாமா பதறிப் பின்வாங்கினார். "வேணாம் வேணாம், நின்னபடியே இரும்மா. நான் அப்பவே மனசுல ஆசீர்வாதம் பண்ணிட்டேன். குனியாதே, சொன்னா கேளு."

அவள் கேட்கவில்லை. நன்றாகவே குனிந்தாள். தையல் ஒன்றும் பிரியவில்லை. மாமா அவள் தலையில் கை வைத்தபடி, காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார்.

மண்டபம் நிறைய எங்கள் சொந்தக்காரர்கள். எங்கள் பெண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர் ஒருவர்தான். எனக்கு அந்த நிமிஷம் மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பார்.