அப்பாவுக்கு ஒரு பூசை

கோச்சடை விடுதி,
வியாழன் இரவு

அன்புள்ள எமரன்சி சித்திக்கு,

ஐரின் தோத்திரம் சொல்லி எழுதுவது. தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள், சித்தப்பாவிடம்கூட. நாளை ஊருக்கு வரும் விடுதித் தோழி சபிஹாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். இங்கு நான் நலம். அங்கே வாடிப்பட்டியில் அப்பாவும் நலமாகத்தான் இருப்பார். அதில்தான் சிக்கல்.

ஓர் ஆன்ம வழிகாட்டியைத் தேடிக்கொள் என்று சொன்னது நீங்கள்தான். தேடினேன். பங்குச் சாமியார் நான் பேசும்போதே கண்ணயர்ந்துவிட்டார். வகுப்பு டீச்சர் நான் வாயைத் திறப்பதற்குள், "மார்க்கு வந்தா எல்லாம் சரியாயிரும்" என்றார். கடைசியில், சனிக்கிழமைதோறும் விடுதிக்கு வரும் சிஸ்டர் பிலோமினாள் கிடைத்தார். அவர் அறிவுரை சொல்வதில்லை. "ஜெபத்துல என்னம்மா நடக்குது?" என்று கேட்டுவிட்டு, நாம் பேசும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை சித்தி. பெருமை தாங்காமல் பக்கத்துக் கட்டில் ரூத்திடம் சொன்னேன். மறுவாரமே அவளும் வந்து நிற்கிறாள். அவள் சி.எஸ்.ஐ. சபைக்காரி. நாம் நாலு தலைமுறையாக ஆர்.சி. கத்தோலிக்கர். சிஸ்டரைக் கண்டுபிடித்ததும் நான். ஆனால் அவளுக்கு ஐம்பது நிமிஷம், எனக்குப் பத்து. "நீ நல்லாத்தான் இருக்க, போயிப் படி" என்று என்னை அனுப்பிவிடுகிறார். அவளோ சிவந்த கண்ணோடும் சிஸ்டரின் கைக்குட்டையோடும் வெளியே வருகிறாள். போன வருஷம் அவள் அப்பா தவறிவிட்டார், பாவம்தான். அதற்காக வாராவாரம் ஐம்பது நிமிஷமா?

ஜெபத்தில் மனதுக்குப் பட்டதை தினமும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். போன சனிக்கிழமை ரூத் குளிக்கப் போன நேரம் அவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன், கணக்கு வீட்டுப்பாடம் எழுதுவது போலத்தான். அப்பா போனதிலிருந்து பிதாவே என்று கூப்பிட வாய் வரவில்லை என்றிருந்தது. பிதாவே என்பதை மட்டும் நம் முறைப்படி தந்தையே என்று மாற்றி, சிஸ்டரிடம் வாசித்தேன்.

"அப்பா தவறிட்டாராம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கைக்குட்டையை நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டேன். அறுபத்தைந்து நிமிஷம், சித்தி. ரூத்துக்கு நேரமே மிஞ்சவில்லை. எழுந்திருக்கும்போது, "அப்பா பேரு என்ன? அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை பூசையில வேண்டிக்குவோம்" என்றார். கிருபாகரன் என்று சொல்லிவிட்டேன்.

அதாவது இந்த ஞாயிறு. அன்றுதான் பெற்றோர் எங்களைப் பார்க்க வரும் நாள். அப்பா வந்தால் முதல் பெஞ்சில்தான் உட்காருவார். மறைந்த கிருபாகரனின் ஆன்மா இளைப்பாற என்று வாசிப்பார்கள். அவரும் சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சத்தமாகச் சொல்வார். அப்பா அடித்தால் தாங்கிக்கொள்வேன். சிஸ்டர் இனிமேல் வேண்டாமென்று சொல்லிவிட்டால் நான் யாரிடம் போவேன்? எப்படியாவது அப்பாவை நிறுத்துங்கள். வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த வாரம் சிஸ்டரிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சத்தியம்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். உங்கள் ஜெபத்தில் என்னையும், உயிரோடிருக்கும் என் அப்பாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
ஐரின்

பின்குறிப்பு: மடித்ததைப் பிரித்து எழுதுகிறேன். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ரூத் சொன்னாள்: "அன்னிக்கு என் நேரம் பூராம் ஒனக்குப் போச்சுல்ல, அதுக்கு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்கூட உக்காந்து பேசுறேன்னு சிஸ்டர் சொல்லி அனுப்பியிருக்காங்கடி. மதியம் வரைக்கும்."

மதியம் வரைக்கும், சித்தி. அப்பாவைத் தடுக்க வேண்டாம். ஏழு மணிப் பூசைக்கே அனுப்பிவையுங்கள், அந்த நீலச் சட்டையில், நன்றாகத் தெரியும்படி. அவர் உயிரோடு வந்து நின்றால் சிஸ்டர் என்னோடுதானே பேசியாக வேண்டும். மதியம் என்ன, சாயங்காலமே ஆகிவிடும். கதவைத் தட்டுகிறார்கள். வார்டன் குரல் மாதிரி